லெவ் ஐநூறு

கம்பெனி கேட்டை விட்டு வெகுதூரம் நடந்து வந்த பிறகுதான் இடது கையில் கையுறை அப்படியே இருப்பதைப் பார்த்தேன். வலது கை உறையை யாரோ என் கையிலிருந்து உருவி, கீழே விழுந்து துடித்துக்கொண்டிருந்தவனின் வாயில் திணிக்கப் பார்த்தார்கள். ஃபர்ஸ்ட் எய்ட்காரர் ஓடிவந்து, "வாய்ல ஒண்ணும் வைக்காதீங்கய்யா, மூச்சு நின்னுடும்" என்று அதைப் பிடுங்கி எறிந்தார். பிரெஸ் மெஷினுக்கு அடியில் எங்காவது கிடக்கும். மிச்சம் இருந்த உறையைக் கழற்றி பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தேன்.

ஒரகடத்திலிருந்து எங்கள் அறை இருந்த வடக்குப்பட்டுப் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு மட்டும்தான் ஷேர் ஆட்டோ ஓடும். நடுவில் லாரியும் ட்ரெய்லரும்தான். வெயில் ஏறிவிட்டது. ஓடினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும், அதனால் ஓடவில்லை. அறைக்குப் போக வேண்டும். அவன் மாத்திரை வைத்திருக்கும் டப்பாவை எடுக்க வேண்டும். அது என்ன மாத்திரை என்று கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் அவனை ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோன போதும் அவன் உடம்பு உதறிக்கொண்டுதான் இருந்தது.

கிளம்பும்போதே கேட்டில் சூபர்வைசர் என்னை மறித்தார்.

"கேட் பாஸ் இல்லாம வெளில கால வச்சேன்னா திரும்பி வராதே. லைன் நிக்குதுய்யா அங்க."

"சரி சார்."

"இன்னா சரி? அவன் இன்னா உனக்கு மாமனா மச்சானா?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாய் சார்."

செக்யூரிட்டி சிரித்துவிட்டார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எங்கள் அறையில் எட்டுப் பேர், நான்கு பாய். ஒருவன் வேலைக்குப் போகும்போது இன்னொருவன் வந்து படுப்பான். அவன் நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது நான் எழுந்து கிளம்புவேன். பாய் சூடு ஆறாது. அதனால் அவன் எனக்கு பாய்க்கூட்டாளி. திண்டிவனம் பக்கத்துக்காரன். முழுசாக உட்கார்ந்து பேசியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்று அவன் நைட் ஷிஃப்ட் முடித்தும் அறைக்கு வராமல் ஓ.டி. பார்க்க நின்றுவிட்டான். அதனால்தான் அவன் விழுந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியை விட்டு நடந்தேன். பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவன், ஒரு மத்தியானம் இலையை அப்படியே வைத்துவிட்டுப் போர்வெல் லாரியில் ஏறிவிட்டேன். அப்போதெல்லாம் எனக்காக நடந்தேன். இன்னொருவனுக்காக நடப்பதில் கால் வேறு மாதிரி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவனுக்கு வலிப்பு இருப்பது எனக்கு முன்பே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அறையில் இருந்தபோது வந்தது. மற்றவர்கள் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தார்கள். அடங்கிய பிறகு நாக்கில் ரத்தத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யாராண்டயும் சொல்லிடாதண்ணே. பிரெஸ்ஸாண்ட நிக்கிறவனுக்கு வலிப்புன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான்."

"மாத்திரை சாப்பிடுறியா இல்லையா?"

"தெனம் ரெண்டு வேளை. ஒழுங்கா போட்டா ஒண்ணும் வராது. நேத்து ஓ.டி.ல உட்டுட்டேன், அதான்."

மாத்திரையை அவன் அட்டையோடு வைத்துக்கொள்ள மாட்டான். அட்டையில் பெயர் இருக்கும், யாராவது ஃபோனில் தேடிப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். வாங்கி வந்ததும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி, இருமல் மிட்டாய் வரும் ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பான். அட்டையைக் கசக்கி வெளியே எறிந்துவிடுவான். யாராவது கேட்டால் "கேஸ் மாத்திரை" என்பான். எங்கள் அறையில் எல்லோருக்கும் கேஸ் உண்டு, அதனால் யாரும் மேலே கேட்டதில்லை.

அவன் விழுந்ததும் நான் மறைக்கவில்லை. ஃபர்ஸ்ட் எய்ட்காரரிடம், "இவனுக்கு வலிப்பு இருக்குண்ணே, மாத்திரை சாப்பிடுறான்" என்று சொன்னேன். சூபர்வைசர், "சேரும்போது ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னான்?" என்று கத்தினார். ஃபர்ஸ்ட் எய்ட்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, "இன்னா மாத்திரை?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சிக்கினு ஃபோன் பண்ணு. ஆஸ்பத்திரில மொதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்று தன் நம்பரைச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினார். நான் கேட்டுக்கு நடந்தேன்.

அறையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டப்பா அவன் பையில், துவைத்த சட்டைக்குள் சுற்றி இருந்தது. திறந்தேன். செங்கல் நிறத்தில், நீளமாக, கொஞ்சம் மாத்திரைகள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. ஒரு கோடுதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது? பையைக் கொட்டினேன், பாயை உதறினேன், குப்பை போடும் மூலையில் கையை விட்டுத் தேடினேன். பிஸ்கட் உறை, ஷாம்பு உறை. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "இன்னாபா தேடுற, காலைல பூரா வூட்டப் பொரட்டிக்கினு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

அவனுடைய ஃபோன் பழையது, சார்ஜ் நிற்காது. அறையில் செருகிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அது அடித்தது. அவன் மனைவி. ஷிஃப்ட் முடிந்து வந்திருப்பான் என்று நினைத்து அந்த நேரத்துக்குத் தினமும் கூப்பிடுவாள்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேராகச் சொன்னேன். "இழுப்பு நின்னுச்சாண்ணே?" என்று கேட்டாள். அழுதபடிதான் கேட்டாள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"போகும்போது நிக்கலம்மா. என்ன மாத்திரைன்னு கேக்குறாங்க. டப்பால இருக்கு, பேரு இல்ல. செங்கல் கலரா இருக்கு."

"செங்கல் கலரா? எப்பவும் மஞ்சளாத்தான இருக்கும்?"

"இது மஞ்சள் இல்ல."

"ஆமாண்ணே, சொன்னாரு. பெரியாஸ்பத்திரிக்கு மாசா மாசம் போயி வாங்கியாருவாரு. இந்த மாசம் லீவு குடுக்கல, பஸ் ஸ்டாப்பு மெடிக்கல்ல வாங்கினேன்னாரு. ஏன் கலரு மாறிக்கீதுன்னு இவரே கடைக்காரரக் கேட்டாராம். கம்பெனி வேற, அதான் கலரு வேறன்னு சொன்னாராம்."

அது நம்பக்கூடிய பதில்தான். நானும் நம்பியிருப்பேன். பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் வெள்ளையாகத் தருவார்கள், அடுத்த மாதம் ரோஸாகத் தருவார்கள். யாரும் கேட்பதில்லை.

"பழைய சீட்டு ஏதும் இருக்காம்மா?"

"சாமி படத்துக்குப் பின்னால கீது. பக்கத்து வூட்டுப் பொண்ண போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். நீங்க அவர விட்டுப் போயிடாதீங்கண்ணே."

ஃபோட்டோ அனுப்ப என் நம்பரைக் கொடுத்தேன். நான் அவனோடு இல்லவே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கூட்ரோடு வரைக்கும் ஒரு தண்ணீர் லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். வழியில் ஃபோட்டோ வந்தது. மடிந்த காகிதம், மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. இங்கிலீஷில் பெரிய எழுத்தாக இருந்தால் நான் கூட்டிப் படிப்பேன். டாக்டர் எழுதினால் முடியாது. முதல் மூன்று எழுத்தும் கடைசியில் இருந்த ஐநூறும் மட்டும் புரிந்தது. நடுவில் ஒரு நீளமான கிறுக்கல்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த அந்த மருந்துக்கடையை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பார்க்க வேண்டும். நான்கு கம்பெனிச் சட்டைகள் முண்டியடிக்கும். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். எவனிடமும் டாக்டர் சீட்டு இருக்காது. தலைவலி, முதுகுவலி, சளி என்று ஒவ்வொருவனும் வியாதியைக் கூவுவான், அல்லது பழைய அட்டைத் துண்டைக் கண்ணாடி மேசையில் வீசுவான். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் ஓயாது. நான் போனது கூட்டம் இல்லாத நேரம். கவுன்ட்டர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா இருந்தார். சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டில் இருப்பது அவர் பெயர். பார்மசி படித்தவர். காலையில் வந்து, சாயங்காலம் ஷிஃப்ட் கூட்டம் வருவதற்கு முன் பஸ் ஏறிவிடுவார்.

டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"இது என்ன மாத்திரைன்னு சொல்லுங்கண்ணே. இங்கதான் வாங்குனது."

கவுன்ட்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். "அட்டை இல்லாம கொண்ணாந்து இன்னான்னு கேட்டா? இது இன்னா கிளி ஜோசியமா?"

அக்கா வந்து ஒன்றை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். "ஆன்ட்டிபயாட்டிக் மாதிரி இருக்கே. நெஞ்சுச் சளிக்கு, கிருமிக்குத் தர்றது. யாருக்குக் காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்லக்கா. வலிப்பு. இப்ப ஆஸ்பத்திரில இருக்கான்."

ஃபோட்டோவைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் படித்தார். படித்துவிட்டு அலமாரிக்குப் போனார். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பெட்டிகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு. ஒரே வெள்ளை அட்டை, ஒரே நீலக் கோடு. இரண்டிலும் மூலையில் ஐநூறு என்று பெரிதாக இருந்தது. ஒன்று லெவெடிராசெட்டம், வலிப்புக்கு. இன்னொன்று லெவோஃப்ளாக்சசின், கிருமிக்கு. அக்கா விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்கு அவை இரண்டு பெயர் என்று தெரிந்தது.

கிருமி மாத்திரைப் பெட்டியிலிருந்து ஒரு வெட்டிய அட்டையை எடுத்தார். வாங்குகிறவன் பத்து கேட்காமல் ஆறு கேட்டால் வெட்டித் தருவார்கள். பெயரும் கடைசித் தேதியும் அச்சடித்த முனையைக் கடையிலேயே வைத்துக்கொண்டு மறு முனையைத் தருவார்கள். தேதி இல்லாத துண்டை அடுத்தவனுக்கு விற்க முடியாது, அதற்காக. எல்லாக் கடையிலும் அப்படித்தான். பாய்க்கூட்டாளி எடுத்துப்போன துண்டில் படிக்க விரும்பினாலும் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

"நீங்கதானே குடுத்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தினி பேருக்குக் குடுக்கறேன், யாரு ஞாபகம் வச்சிப்பா?" என்றவர் டீயைக் கீழே வைத்தார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. "நீலச் சட்டை. ஒல்லியா. லெவ் ஐநூறுன்னு கேட்டான். எதுக்குன்னு சொல்லல. கலரு ஏன் வேறயா கீதுன்னு கேட்டான், கம்பெனி வேறன்னு சொல்லிட்டேன். லெவ் ஐநூறு, ஆறு, சீக்கிரம்ணே, பஸ்ஸு எடுக்கறான்னான். லெவ் ஐநூறுன்னா இங்க எல்லாரும் கேக்கறது இதைத்தான். வலிப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அவன் சொல்லியிருக்க மாட்டான். பின்னால் எங்கள் லைன் ஆட்கள் நின்றிருப்பார்கள்.

லெவ் ஐநூறு என்று அவன் ஏன் கேட்டான் என்பதும் அங்கே நிற்கும்போதே எனக்குப் புரிந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்போம். எங்கள் லைனில் எந்தச் சாமானுக்கும் முழுப்பெயர் சொல்வதில்லை. ஸ்டோர்ஸ் ஜன்னலில் போய் "பி.ஆர். நாப்பது" என்றால் ஒரு டிரே பிராக்கெட் வரும். முதல் எழுத்தும் நம்பரும் போதும். ஒரே எழுத்தும் ஒரே நம்பரும் இரண்டு சாமானுக்கு வராமல் யாரோ மேலே உட்கார்ந்து பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் போல்ட்டுகள் இருந்தால் ஒன்றை மஞ்சள் டிரேயிலும் மற்றதை லைனின் அந்தக் கோடியில் சிவப்பு டிரேயிலும் வைப்பார்கள். மாற்றிப் போட்டால் உள்ளே நுழையவே நுழையாது. ஐந்து வருடம் அங்கே வேலை செய்தவனுக்கு, முதல் எழுத்தும் நம்பரும் சொன்னால் வருவது சரியான சாமானாகத்தான் இருக்கும். அவன் மருந்துக்கடைக்கும் அந்தப் பழக்கத்தோடுதான் வந்தான். நாங்கள் செய்யும் ஒரு கார் கதவுக்கு இருந்த காவல் அவன் தலைக்கு இல்லை.

அக்கா கடை முதலாளிக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் அவர் கத்தியது வெளியே கேட்டது.

"பில்லு போட்டமா? இல்லல்ல? அப்ப இங்க வாங்கினான்னு எவன் சொல்றது? நீயா போயி வாயக் குடுக்காதே."

"அண்ணே, அங்க டாக்டருக்குத் தெரியாது. அவரு வலிப்பு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் வருதுன்னு நெனச்சிக்கினு வேற வியாதியத் தேடுவாங்க. மாத்திரை உள்ளயே போகலன்னு சொல்லணும்."

"அந்த ஆளு சொல்லட்டும். நீ ஏன் சொல்றே?"

அக்கா சுவரைப் பார்த்தார். "செவுத்துல தொங்கறது என் பேருண்ணே" என்று சொல்லிவிட்டுக் கட் செய்தார். கட் செய்த பிறகும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் எதுவும் இல்லை. இரண்டு எட்டில் அவர் கையிலிருந்து பிடுங்கி நானே பேசிவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பெயரையும் என்னால் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடி மாறிவிடும்.

"நம்பர் சொல்லு" என்றார்.

ஃபர்ஸ்ட் எய்ட்காரர் நம்பரைக் கொடுத்தேன். அவர் எடுத்து, ஃபோனை டாக்டரிடம் கொடுத்தார். அக்கா இங்கிலீஷில் பேசினார். மாத்திரையின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொன்னார், ஒருமுறை, மறுமுறை. கடையின் பெயரைச் சொன்னார். தன் பெயரையும் சொன்னார். பேசி முடித்து டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார்.

"நிக்காத, போ. டப்பாவ எடுத்துக்கினு போ. டாக்டர் பாக்கணும்னாங்க."

கிளம்பும்போது கவுன்ட்டர்க்காரர் பின்னாலேயே படி வரைக்கும் வந்தார். கிளி ஜோசியமா என்று கேட்ட ஆள் மாதிரியே இல்லை.

"பொழச்சிப்பான்ல?"

"தெரியலண்ணே."

"பொழச்சான்னா ஒரு வார்த்த சொல்லு. எனக்கும் ரெண்டு பொண்ணு கீது" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார். சின்ன வயதுக்காரர். எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பதிலாக உள்ளே போன மாத்திரை, வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டவும் கூடும். அதற்கு மேல் தூக்கம் இல்லை. "தலையில ரத்தக் கசிவோன்னு நெனச்சு மெட்ராஸ்க்கு அனுப்பப் பார்த்தோம். வழியில என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. இப்ப எதை ஏத்தணும்னு தெரிஞ்சிபோச்சு" என்றார்.

ஆனாலும் தெரிந்த உடனே நிற்கவில்லை. மத்தியானம் முழுக்க விட்டு விட்டு வந்தது. கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் கட்டிலின் கால் ஆடுவது தெரியும். கட்டில் கால் ஆடாத நேரத்தில் மூச்சு விட்டேன். அவன் மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "எப்டிண்ணே கீது?" என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. "மருந்து ஏறுதும்மா" என்று ஒவ்வொரு முறையும் அதே பதில். வேண்டிக்கொள்ள எனக்குப் பழக்கம் இல்லை. பக்கத்து பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "எங்க ஆளுக்கும் சேத்து சொல்லுங்கம்மா" என்றேன். அவர் அவன் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

வெளிச்சம் மங்கும்போது கட்டில் நின்றது. வெகுநேரம் நின்றே இருந்தது. நர்ஸ் வந்து, "தூங்கறாரு" என்றார்.

எங்களைக் கம்பெனியில் சேர்த்துவிட்ட கான்ட்ராக்ட் ஆள் அதற்குப் பிறகு வந்தார். பைக் சாவியைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"ரெண்டு பேரும் இனிமே வர வேணாம். அவன் வியாதிய மறைச்சான். நீ லைன உட்டுட்டு ஓடினே."

"நடந்துதாண்ணே போனேன்."

"நக்கலா?"

நக்கல் இல்லை. ஆனால் அவருக்கு விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

அவன் கண் திறந்தபோது என்னை உள்ளே விட்டார்கள். நாக்கு கிழிந்து வீங்கி இருந்தது. பேச்சு குழறியது. முதலில் என்னை யாரென்று தெரியவில்லை. பிறகு, "ஓ.டி. முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு நினைவு வந்தது. சுற்றிப் பார்த்தான். கையில் ஏறும் மருந்தைப் பார்த்தான். பக்கத்தில் மேசை மேல் திறந்து கிடந்த அவன் டப்பாவைப் பார்த்தான்.

"யாரு சொன்னது?"

"நான்தான்."

அவன் ஒன்றும் திட்டவில்லை. "இனி எவண்ணே என்னை உள்ள வுடுவான்" என்று மட்டும் சொன்னான். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். மாத்திரை மாறியதைச் சொன்னேன். பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். கேட்டானா தெரியாது. முதுகு அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மறுபடி வலிப்போ என்று எழுந்துவிட்டேன். வலிப்பு இல்லை.

விடிந்ததும் அவன் மனைவி வந்தாள். அந்தச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அந்தப் பாய்க்காரரா?" என்றாள். ஆமாம் என்றேன். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். அவன் சுவர் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது. எனக்கு அங்கே வேலை முடிந்தது.

ரோட்டுக்கு வந்தபோது வேலூர் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. வேறு ஒரு சமயமாக இருந்தால் ஏறியிருப்பேன். துணி இரண்டு, அறையில் கிடந்தால் கிடக்கட்டும். ஆனால் கவுன்ட்டர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. ஒரகடம் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

கடையில் காலை ஷிஃப்ட் கூட்டம். கண்ணாடி மேசையில் எல்லோரும் சாய்ந்து கூவிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூல் காலியாக இருந்தது. அக்கா மட்டும் தனியாக அலமாரிக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பொழச்சிட்டான்க்கா. பேசுறான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பின்னால் ஒருத்தன், "யக்கா, குடும்பக் கதை அப்பால, பஸ்ஸு போயிடும்" என்றான்.

"அண்ணன் எங்கக்கா? அவருக்குச் சொல்லணும்."

"நேத்தே அனுப்பிட்டாரு முதலாளி. எல்லாப் பழியும் அந்த ஆளு தலைல. என்னைய அனுப்பினா சர்டிபிகேட்டும் கூட வந்துடும், அது இல்லாம கடை தொறக்க முடியாது, அதனால நான் கீறேன். ஃபோன் பண்ணேன், அவரு எடுக்கல." ஒரு நொடி என்னைப் பார்த்தார். "உனக்கு வேலை கீதா?"

"இல்லக்கா."

"படிக்கத் தெரியுமா?"

"பெரிய எழுத்துன்னா கூட்டிப் படிப்பேன். மெதுவா."

"உள்ள வா. கையக் கழுவு."

வேறு யாராவது அந்த ஸ்டூலுக்கு வந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நான் போனேன். அந்த ஆள் நேற்று வரைக்கும் உட்கார்ந்த இடம், அவர் குடித்து வைத்த டீ கிளாஸ்கூட அலமாரி ஓரத்தில் இருந்தது. நான் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றேன். எனக்குச் சாப்பாடு வேண்டும், அது ஒன்று. இன்னொன்று என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த இரண்டு பெட்டிகளும் இப்போது பக்கத்தில் இல்லை. ஒன்று அக்கா தலைக்கு மேல், ஒன்று கீழே, சிவப்பு டேப் ஒட்டி. அக்கா குனிந்து என் காதுக்குச் சொன்னார். "நீயா எதையும் குடுக்காத. பொட்டியோட கொண்ணாந்து எம்முன்னால வை. பேர முழுசாப் படி, வாய்விட்டு. எதுக்குன்னு அவங்களக் கேளு. வெட்டினா பேரு இருக்கற பக்கம் அவங்களுக்கு. நமக்கு நஷ்டமானா ஆவட்டும்."

முதலில் என் முன்னால் வந்தவன் எங்கள் கம்பெனி நீலச் சட்டைதான். முதல் எழுத்தையும் நம்பரையும் சொன்னான். ஸ்டோர்ஸ் ஜன்னலில் கேட்கிற மாதிரியே.

"முழுப் பேரு சொல்லு" என்றேன்.

"முழுப் பேரு எவனுக்குத் தெரியும்? பெருசா கேக்கறான். கொடுய்யா."

"யாருக்கு? எதுக்கு?"

"எங்க அப்பாவுக்கு. பிரஷருக்கு. இன்னா போலீஸு மாதிரி விசாரிக்கிற?"

அலமாரியில் அந்த எழுத்தில் தொடங்கும் பெட்டிகள் ஒரு வரிசை முழுக்க நின்றன. ஒன்றை எடுத்து அக்கா முன்னால் வைத்து, விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து, "இன்னாபா, ஒண்ணாங்கிளாஸ் நடத்தறாங்களா இங்க?" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நீலச் சட்டையும் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. நான் தவறாகப் படித்த எழுத்தின் மேல் என் விரலைத் திரும்ப இழுத்து வைத்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. பெயரில் இன்னும் எழுத்து பாக்கி இருந்தது. படித்தேன்.